வேடந்தாங்கல் பெற்ற கவுல்

பறவைக்கு இரங்குதல் தமிழர்க்குப் பழைய அறம். அகவிய மயில் குளிரால் நடுங்குகிறது எனக் கருதித் தன் போர்வையை ஈந்த பேகனைச் சங்கப் புலவர்கள் போற்றினர். ஆயின், அது மன்னன் ஒருவன் ஒரு பொழுது செய்த கொடை. ஊர்மக்களே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்த வரலாறும் தமிழகத்தில் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலின் வரலாறு அத்தகையது.

தாங்கல் என்பது சிற்றேரி. வேடர் வாழ்ந்த இடமாதலின் வேடந்தாங்கல் எனப் பெயர் வந்தது என்பர். வேட்டையின் பெயரைத் தாங்கிய அவ்வூரே வேட்டையைத் தடுத்த ஊராயிற்று.

ஏறத்தாழ 74 ஏக்கர் பரப்புடைய அவ்வேரியில் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் நீருக்குள்ளேயே நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியன வந்து அம்மரங்களிற் கூடு கட்டுகின்றன. சூழ்ந்துள்ள நீரே அக்கூடுகளுக்கு அகழி. மழை பொய்த்தால் பறவைகளின் வரவும் குறையும்.

பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலக்கிறது. தழைச்சத்து மிக்க அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து நெற்பயிரைச் செழிக்கச் செய்கிறது. வேதியியல் நூல் கூறும் இவ்வுண்மையை உழவர் தம் விளைச்சலிற் கண்டறிந்தனர். மரத்தையும் அமைதியையும் ஊர் தந்தது. உரத்தைப் பறவை தந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுறவுக்கு ஊறு நேர்ந்தது. ஆங்கிலேயப் படைவீரர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடலாயினர். ஊரார் வாளா இருந்தாரல்லர். அந்நாளில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். அவரிடம் முறையிட்டு, 1798 ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பெற்றனர். கவுல் என்பது அரசு எழுதித் தரும் உறுதிச் சீட்டு. நிலவரிக்கும் குத்தகைக்கும் கவுல் கேட்பது அக்காலத்து வழக்கம். பறவைக்காகக் கவுல் கேட்டது இவ்வூரின் தனிச்சிறப்பு. 1858 இல் மீண்டும் ஓர் ஆணை பெற்றனர். 1936 இல் அரசு இவ்வேரியைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 2022 இல் உலகின் சிறந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

சட்டம் பின்னரே வந்தது. வழக்கம் முன்னரே இருந்தது. வழக்கத்தின் வலிமைக்குச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மற்றொரு சான்று. கூட்டிலுள்ள குஞ்சுகள் அஞ்சும் என்பதற்காக அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. விழா நாளில் வெடிக்கு ஏங்கும் சிறுவர்களும் இதற்கு உடன்படுகின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

வீட்டு முற்றத்தில் தானியம் இறைப்பதும், பள்ளித் தோட்டத்தில் நீர்க்கலம் வைப்பதும் நற்செயல்களே. அவற்றினும் முற்பட்டது, கூடு கட்டிய மரத்தை வெட்டாமலும் கலைக்காமலும் விடுதல். கைப்பொருள் வேண்டாத இவ்வறத்தை மாணவர்க்குக் கற்பிக்க வேடந்தாங்கல் உழவரினும் சிறந்த ஆசிரியர் இலர்.