கேட்போரும் யாப்பும்: தமிழில் நூல் பரிந்துரைத்த மரபு

ஒரு நூல் யாருக்கு உரியது, அதை எந்த நூலுக்குப் பின் பயில வேண்டும் என்னும் வினாக்களைத் தமிழ்ப் புலமை மரபு, அச்சு இயந்திரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எழுப்பி, அவற்றுக்கு இலக்கணமும் வகுத்துவிட்டது. 13-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பவணந்தி முனிவரின் நன்னூல், நூலின் முகப்பில் அமைந்து அதனை அறிமுகம் செய்யும் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைத் தர வேண்டும் என்கிறது. அவற்றுள் 'கேட்போர்' என்பது அந்நூலைப் பயிலத் தக்கவர் யார் என்பதைக் குறிக்கும். 'யாப்பு' என்பதற்கு, இன்ன நூலைக் கற்றபின் இதனைக் கற்கலாம் என்னும் இயைபு என உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால், நூலாசிரியனின் ஆசிரியனோ, உடன் பயின்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோதான் இப்பாயிரத்தைச் செய்ய வேண்டும் என்றும் அவ்விலக்கணம் விதித்தது.

இந்த இயைபு திண்ணைப் பள்ளிகளில், அதாவது வீட்டுத் திண்ணையில் ஒரே ஆசிரியர் நடத்திய ஊர்ப்பள்ளிகளில், வயதுக்கேற்ற படிவரிசையாக வழங்கியது. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகிய சிறுவர், ஓரடியில் நீதி சொல்லும் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் முதலில் மனப்பாடம் செய்து, பின்னர் நான்கடி வெண்பாக்களாலான மூதுரைக்கும் நல்வழிக்கும் சென்று, நூறு பாடல் கொண்ட சதகங்களையும், சொற்பொருளைச் செய்யுளில் தொகுத்த நிகண்டையும் அடைந்தனர். மேலும் கற்க விரும்பியவர் ஒரு புலவரை அடுத்து அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனப் பயின்றனர். நாவுக்கும் நினைவாற்றலுக்கும் ஏற்ற அளவறிந்து ஊட்டிய இம்முறை, நூலின் அருமையோடு கற்பவரின் பருவத்தையும் மதித்தது என்பதே அதன் பெருஞ்சிறப்பாகும்.

ஆயினும் வரிசையில் இடம்பெற்ற நூல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததைப் போலவே, இடம்பெறாத நூல் ஏட்டுக்கட்டுகளில் உறங்கிப்போனது. இதனை உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், 1880 அக்டோபர் 21 அன்று, அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற வினாவுக்கு அந்தாதிகள், கோவைகள், புராணங்கள் என நீண்ட பட்டியலைச் சொன்ன ஐயர், சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பயின்றதுண்டா என்ற அடுத்த வினாவுக்கு இல்லை என்றே விடை கூற வேண்டியிருந்தது. இராமசுவாமி முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அளித்துப் படிக்கத் தூண்டினார். ஐயர் ஏடுகளைத் தேடியும், சமண சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டறிந்தும் உழைத்து 1887-இல் அக்காப்பியத்தைப் பதிப்பித்தார். 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்து வெளிவந்தன.

அச்சு பரவியபின், ஆசிரியரை அண்டாமலேயே நூலை அடையும் வழி திறந்தது. ஜான் மர்டாக் 1865-இல் வெளியிட்ட அச்சிட்ட தமிழ் நூல்களின் பட்டியல், நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து விளக்கியது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றுள் இரண்டாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதில் அவருடைய முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு.

பாயிரம் கேட்ட 'கேட்போர் யார்' என்னும் வினாவை அரங்கநாதனின் விதிகள் அனைவருக்கும் உரியதாக விரித்தன. திண்ணைப் பள்ளியின் வரிசை கற்பவரின் பருவத்தை அறிந்திருந்தது. முன்சீபின் வினா அவ்வரிசைக்கு வெளியே இருந்ததை நினைவூட்டியது. இவ்விரண்டும் சேரும்போதுதான் நல்ல பரிந்துரை பிறக்கிறது. ஒருவர் படித்ததைக் கேட்டறிந்து, படிக்காததை அவர் கையில் கொடுப்பதே அதன் முழுமை.