மெழுகுக் கட்டியும் உயிர்ச் சதையும்

வெற்றிலை, சீவல், புகையிலை மூன்றையும் சேர்த்து அடக்கிக்கொள்ளும் இடம் கன்னத்தின் உட்புறம். வாய்ப்புற்றும் நம் நாட்டில் பெரும்பாலும் அங்கேயே, ஈறும் கன்னமும் சேருமிடத்தில்தான் தொடங்குகிறது. புகையிலை இல்லாமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்று தஞ்சைப் பக்கம் சொல்வார்கள். பாக்கு மட்டுமே போதும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே எழுதிவிட்டது.

அறுவை, கரண்ட், கீமோ எல்லாம் முடிந்தும் நோய் திரும்பினால் அடுத்த மருந்து எது? இந்த ஒரு நோயாளிக்கென்று அதைத் தேட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டியின் மரபணுவைப் படிப்பது. மற்றது, கட்டியின் உயிரணுக்களை ஆய்வகத்தில் ஆர்கனாய்டு என்னும் நுண்கட்டிகளாக வளர்த்து, மருந்துகளை அவற்றின்மேல் ஊற்றிப் பார்ப்பது. 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஆடுதுறையில், மரபணு பார்த்துப் பொறுக்கிய ரகத்தையும் வயலில் நட்டுப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. ஆர்கனாய்டுக்காரர்களின் கட்சியும் அதுதான்.

வாய்ப்புற்றில் அந்தக் கட்சிக்கு வலு அதிகம். கல்யாணி, நவி மும்பை ஆய்வாளர்கள் முன்னின்ற இந்தியக் குழு 2013-இல் ஈறு–கன்னப் புற்றின் மரபணுக்களைப் படித்தது. டிபி53, ஃபேட்1, காஸ்பேஸ்8, நாட்ச்1 என்று வந்த பட்டியலில் பெரும்பாலானவை பழுதாகிப்போன தடுப்பு மரபணுக்கள். மிகையாக வேலை செய்யும் புரதத்தை மருந்தால் அடக்கலாம். வேலையே செய்யாததை எதைக்கொண்டு அடக்குவது? அறிக்கை தெளிவாக இருக்கும், மருந்துப் பத்தி காலியாக இருக்கும்.

ஆர்கனாய்டு காரணம் கேட்பதில்லை. செத்ததா, பிழைத்ததா, அவ்வளவுதான். பரவிய இரைப்பை, குடல் புற்றுகளில் லண்டன் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்கனாய்டில் பலித்த மருந்து 88 சதவீதம் நோயாளியிடமும் பலித்தது. ஆர்கனாய்டில் பலிக்காதது நோயாளியிடமும் பலிக்கவில்லை. ஆனால் இது ஒப்பிட்டுப் பார்த்ததுதான், வழிகாட்டியது அல்ல. ஆர்கனாய்டு சொன்ன மருந்தையே கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2021-இல் வந்தது. குடல் புற்று நோயாளிகள் 6 பேருக்கு மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. 88 சதவீதத்தைச் சொல்கிறவர்கள் இந்த ஆறு பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூருக்கு வந்தால் கணக்கு வேறு. மரபணுச் சோதனைக்குப் பயாப்சி பிளாக் போதும். ஃபார்மலினில் ஊறி மெழுகில் உறைந்த அந்தச் சதை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கும். சென்னைக்குக் கூரியரில் அனுப்பலாம். ஆர்கனாய்டுக்கோ உயிருள்ள சதை வேண்டும். ஃபார்மலினில் போட்ட கணமே அது பயனற்றுப்போகும். அறுவை அரங்கிலேயே ஒரு துண்டைத் தனியே எடுத்து, ஊட்டத் திரவத்தில் இட்டு, குளிர் குறையாமல் கூடியவரை ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் எல்லாக் கட்டியும் வளர்வதில்லை. வளர்வதற்கும் வாரங்கள் பிடிக்கும். முற்றிய நோயாளிக்கு அந்த வாரங்களே சிகிச்சைக் காலம்.

வழக்கமான ஆர்கனாய்டில் நோயெதிர்ப்பு அணுக்களும் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை–கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு மலிவான மாத்திரைகளோடு நிவோலுமாப் மருந்தை வெறும் 20 மில்லிகிராம், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, சேர்த்துக் கொடுத்தது. ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பும் இந்த மருந்தை அப்படிப்பட்ட ஆர்கனாய்டின்மேல் ஊற்றியிருந்தால் எதுவும் நடந்திருக்காது.