குரூசேடர் கிங்ஸ் ஆட்டத்தில் திருமணமும் வாரிசுரிமையும்

குரூசேடர் கிங்ஸ் என்பது சுவீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட, இடைக்கால ஐரோப்பாவை முதன்மைக் களமாகக் கொண்ட கணினி உத்தி விளையாட்டுத் தொடர் ஆகும். இதன் முதற் பதிப்பு 2004 இலும், இரண்டாம் பதிப்பு 2012 இலும், மூன்றாம் பதிப்பு 2020 இலும் வெளிவந்தன. பிற உத்தி விளையாட்டுகள் பலவற்றில் ஆட்டக்காரர் ஒரு நாட்டை நடத்துவார். இதில் ஒரு வம்சத்தை நடத்துகிறார். ஆளும் மன்னர் இறந்ததும் அவருடைய வாரிசாக ஆட்டம் தொடரும். அதே வம்சத்தில் வாரிசு இல்லையெனில், நாடு எவ்வளவு பரந்திருந்தாலும் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். திருமணமும் வாரிசுச் சட்டமும் படைபலத்துக்கு இணையான இடம் பெறுவது இதனாலேயே ஆகும்.

திருமணத்தின் பயன்கள்

திருமணத்தின் உடனடிப் பயன் போர்க் கூட்டணி ஆகும். மூன்றாம் பதிப்பில் ஆட்சியாளர் தம் மகனையோ மகளையோ வேற்று அரச குடும்பத்தில் மணமுடித்தால் இரு அரசுகளும் கூட்டணி அரசுகளாகின்றன. ஆனால் உதவி கேட்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. தொலைதூரப் பேரரசுடன் சம்பந்தம் செய்துகொண்ட சிற்றரசர், தமக்குத் தொடர்பில்லாத போர்களுக்கு அழைக்கப்படுவதும், மறுத்தால் மதிப்பை இழப்பதும் வழக்கம்.

நீண்டகாலப் பயன், நிலத்தின் மீதான உரிமைக்கோரல் ஆகும். உரிமைக்கோரல்கள் வலியுறுத்தப்பட்டவை, வலியுறுத்தப்படாதவை என இரு வகைப்படும். முதல் வகை, உரியவர் இறந்த பின் அவருடைய பிள்ளைகளுக்கு இரண்டாம் வகையாகச் செல்லும். இரண்டாம் வகையோ உரியவருடன் அழிந்துவிடும். எனவே உரிமையுள்ள ஓர் இளவரசியை மணப்பது மட்டும் போதாது. அவருக்குப் பிறக்கும் மகன் தன் வாழ்நாளிலேயே அவ்வுரிமைக்காகப் போர் தொடுக்க வேண்டும். தவறினால் ஒரு தலைமுறையின் திட்டம் வீணாகும்.

அறிவுக்கூர்மை, அழகு போன்ற பிறவிப் பண்புகளும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடும். இவற்றைத் திரட்டும் நோக்கில் நெருங்கிய உறவினருக்குள்ளேயே மணம் முடிப்போர், விரைவில் குறைபாடுள்ள வாரிசுகளைப் பெறுகின்றனர்.

பிள்ளை எந்த வம்சத்தைச் சேரும்?

பொது விதிப்படி பிள்ளைகள் தந்தையின் வம்சத்தைச் சேர்வர். தாய்வழித் திருமணமாக ஒப்புக்கொள்ளப்பட்டால் மட்டும் தாயின் வம்சத்தைச் சேர்வர். பெண் வாரிசு உள்ள ஆட்டக்காரர் இதை மறப்பதே ஆட்டத்தின் மிகப் பெரிய பிழை எனலாம். மகள் அரியணை ஏறுவார்; அவருக்குப் பின் அவருடைய மகனும் ஏறுவான்; ஆனால் அவன் வேற்று வம்சத்தவன். அரச வாரிசாக உள்ள ஆண்கள் தாய்வழித் திருமணத்துக்கு எளிதில் இணங்குவதில்லை என்பதால், இத்தகைய மணத்துக்கு இளைய மகன்களையே நாட வேண்டியுள்ளது.

வரலாறு இவ்விதிக்குள் எப்போதும் அடங்குவதில்லை. இரண்டாம் பதிப்புக்கு 2014 இல் வந்த இந்திய விரிவாக்கத்தின் மூலம் சோழ நாடும் ஆட்டத்தில் சேர்ந்தது. 1070 இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனின் தந்தை, வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னர் இராசராச நரேந்திரன். தாய், முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவி. ஆட்டத்தின் பொது விதிப்படி குலோத்துங்கன் சாளுக்கியர். அவரோ சோழ மன்னராகவே ஆண்டார்.

பங்கீட்டு முறை

தொடக்க காலத்தில் பெரும்பாலான அரசுகளில் நிலவுவது பங்கீட்டு முறை. தந்தையின் பட்டங்கள் மகன்களிடையே பிரிக்கப்படும். மூன்றாம் பதிப்பில் உள்ள கூட்டுப் பங்கீடு இன்னும் கடுமையானது. இறந்தவரிடம் போதிய நிலம் இருப்பின், அவர் உருவாக்காத புதிய பட்டமும் உருவாக்கப்பட்டு இளைய மகனுக்கு வழங்கப்படும். முழு நாடும் மூத்தவருக்கே செல்லும் முறை, பண்பாடு பிந்திய இடைக்கால நிலையை எட்டிய பின்னரே கிடைக்கும். அதுவரை ஆட்டக்காரர்கள் இளைய மகன்களைத் துறவு பூணச் செய்வர். வம்சப் புகழைச் செலவிட்டு வாரிசுரிமையைப் பறிப்பர். சிலர் கொலையையும் நாடுவர். பிள்ளைகள் குறைவாக இருந்தாலோ ஒரு நோயில் வம்சமே அற்றுப்போகலாம். இவ்விரு அச்சங்களுக்கும் நிலையான தீர்வு இல்லை.

எசுப்பானிய எடுத்துக்காட்டு

1066 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐபீரியத் தீபகற்பத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். லியோன் மன்னர் முதலாம் பெர்டினாண்டு 1065 திசம்பரில் இறந்தபோது காஸ்டீல் சாஞ்சோவுக்கும், லியோன் அல்போன்சோவுக்கும், கலீசியா கார்சியாவுக்கும் சென்றன. ஆட்டம் இம்மூன்று சகோதரர்களையும் அண்டை அரசர்களாக நிறுத்துகிறது. வரலாற்றில் சாஞ்சோ 1072 இல் மூன்று நாடுகளையும் தன்வசப்படுத்தினார். அதே ஆண்டில் சமோரா முற்றுகையின்போது அவர் கொல்லப்பட, அனைத்தும் அல்போன்சோவிடம் சேர்ந்தன. கார்சியா 1090 இல் சிறையிலேயே இறந்தார்.

அல்போன்சோவின் ஒரே மகன் 1108 இல் உக்லேசுப் போரில் மாண்டான். 1109 இல் மகள் உர்ராக்கா அரசியானார். பர்கண்டி வம்சத்து ரேமண்டை மணந்து அவர் பெற்ற மகன் ஏழாம் அல்போன்சோ, 1126 இல் அரியணை ஏறினார். நாடு சிதறவில்லை; ஆனால் இமேனா வம்சத்தின் கையிலிருந்து அது பர்கண்டி வம்சத்துக்குச் சென்றது. அல்போன்சோவாக ஆடுபவர் உர்ராக்காவுக்குத் தாய்வழித் திருமணம் செய்துவைத்து இதைத் தவிர்க்கலாம்.