மாஜிஸ்திரேட்டின் பேனா எதுவரை போகும்?

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிரான்சில் 'ழூயிழ் தேன்ஸ்த்ருக்ஸியோன்' என்றொரு நீதிபதி உண்டு, புலன் விசாரணையை அவரே நடத்துவார் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். நெப்போலியன் காலத்து 1808-ஆம் வருடச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது.

பின்னாளில் கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். நம்மூர் மாஜிஸ்திரேட்டும் அப்படித்தான் என்று நினைப்பு. ஒருநாள் ஒரு அம்மா மனுவோடு வந்தார். மகனை அடித்துப் போட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை.

"ஐயா, ஜட்ஜ் ஐயாவே வந்து விசாரிக்க மாட்டாரா?"

"போலீசை விசாரிக்கச் சொல்லி உத்தரவு போடலாம்மா. அவரே போய்த் துப்புத் துலக்க முடியாது" என்று சீனியர் குமாஸ்தா சொன்னார். அந்த அம்மாவோடு சேர்ந்து நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கோடு பழையது. போலீஸ் வேலை வேறு, கோர்ட் வேலை வேறு, ஒன்றில் மற்றொன்று நுழையக் கூடாது என்று 1944-லேயே, லாகூரிலிருந்து போன க்வாஜா நசீர் அகமது வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. 1967-ல் அபிநந்தன் ஜா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: 'குற்றமில்லை' என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால் மாஜிஸ்திரேட் அதை ஏற்க வேண்டியதில்லை, மேலும் விசாரிக்கச் சொல்லலாம். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய் என்று கட்டளையிட முடியாது. சி.பி.ஐ.யை விசாரிக்கச் சொல்லவும் அவருக்கு அதிகாரமில்லை என்றது 2001-ஆம் வருடத் தீர்ப்பு.

பிரான்சிலும் அந்த நீதிபதி தன்னிச்சையாக வழக்கைத் தொடங்க முடியாது. அரசு வழக்கறிஞர் கேட்க வேண்டும், அல்லது பாதிக்கப்பட்டவர் கேட்க வேண்டும். அரசு வழக்கறிஞர் மறுத்தாலும் பாதிக்கப்பட்டவர் நேரே போகலாம் என்று 1906-ல் அங்கே வழி திறந்தது. 2007-ல் அதைக் குறுக்கினார்கள். கொலை, கற்பழிப்பு போன்ற பெருங்குற்றங்கள் தவிர மற்றவற்றில், முதலில் அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுக்க வேண்டும். அவர் மறுத்தாலோ மூன்று மாதம் பேசாமல் இருந்தாலோதான் நீதிபதியிடம் போகலாம்.

நம் நாட்டிலும் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஏறக்குறைய அதே படிக்கட்டு. ஸ்டேஷன், பிறகு எஸ்.பி., அதன் பிறகே பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட். போலீஸ் தரப்பையும் அவர் கேட்டாக வேண்டும்.

பொய்ப் புகாரைத் தடுக்க இதெல்லாம் தேவைதான். கோர்ட்டில் அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு படியும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு மதில். அதனால் குமாஸ்தா புத்தியோடு ஒன்று சொல்கிறேன்: எஸ்.பி.க்கு அனுப்பும் மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மாஜிஸ்திரேட்டின் பேனா அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் நகரும்.