இந்தியாவில் மிதவை வானூர்தி வரலாறு

எஞ்சின் இல்லாமல், மேலெழும் காற்றை மட்டுமே துணையாகக் கொண்டு பறக்கும் ஊர்தி மிதவை வானூர்தி எனப்படும். பேச்சு வழக்கில் இதைக் கிளைடர் என்றே பலரும் சொல்வர். விடுதலைக்குப் பின் இந்தியா இவ்வூர்திகளைச் சொந்தமாக வடிவமைத்து, மரத்தால் கட்டி, பஞ்சாங்கத்தில் உள்ள நட்சத்திரங்களின் பெயர்களைச் சூட்டிப் பறக்கவிட்டது. 1958 முதல் 1979 வரை நீண்ட இம்முயற்சி, இந்திய வானூர்தி வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியாகும்.

பறக்கும் முறை

மிதவை வானூர்தி எப்போதும் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் கீழ்நோக்கியே சறுக்குகிறது. நல்ல ஊர்தி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். அது பறக்கும் காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மேலே எழுந்தால், ஊர்தி இறங்கிக்கொண்டே இருந்தாலும் தரையிலிருந்து பார்ப்பவருக்கு உயர்ந்துகொண்டே போவதாகத் தெரியும். மேலே வரும் நகரும் படிக்கட்டில் ஒருவர் மெதுவாகக் கீழ்நோக்கி நடப்பதற்கு இதை ஒப்பிடலாம்.

காற்று மேலெழுவதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. வெயிலில் காய்ந்த உழுநிலமும் பாறையும் ஈரநிலத்தைவிட விரைவாகச் சூடேறுகின்றன. அவற்றின் மேலுள்ள காற்று வெப்பமடைந்து, விரிந்து, தூண்போல மேலே எழுகிறது. இது வெப்ப ஏற்றம். உயரத்தில் இக்காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் திரண்டு, அடி தட்டையான வெண்பஞ்சு மேகமாகிறது. இரண்டாவது, மலைச்சரிவில் மோதும் காற்று வேறு வழியின்றி மேலே ஏறுவது. இது சரிவு ஏற்றம். பருந்து சிறகை அடிக்காமல் வட்டமிட்டு உயர்வது வெப்ப ஏற்றத்தால்தான்.

ஓர் ஊர்தி 1 கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் எத்தனை கிலோமீட்டர் முன்னே செல்கிறது என்பது அதன் சறுக்கு விகிதம். குழித்துறைக்கு மேலே 1 கிலோமீட்டர் உயரத்தில், காற்று அசையாத நேரத்தில் இருப்பதாகக் கொள்வோம். சறுக்கு விகிதம் 20 கொண்ட பழைய பயிற்சி ஊர்தி தக்கலையைத் தாண்டிவிடும், நாகர்கோவிலை எட்டாது. விகிதம் 50 கொண்ட இன்றைய போட்டி ஊர்தி கன்னியாகுமரிக் கடற்கரை வரை சென்றுவிடும்.

உலக வரலாற்றில்

ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்து, சுமார் 2000 பறப்புகளை மேற்கொண்டார். 1896 ஆகஸ்டில் ஊர்தி கவிழ்ந்து இறந்தார். அவருடைய நூல்களைப் படித்த ரைட் சகோதரர்கள் 1900, 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் எஞ்சினில்லா ஊர்திகளில் பழகித் திசைதிருப்பும் வித்தையைக் கற்ற பின்னரே, 1903 டிசம்பர் 17 அன்று எஞ்சின் பொருத்திப் பறந்தனர். 1911-இல் ஆர்வில் ரைட் எஞ்சின் இல்லாமல் 9 நிமிடம் 45 நொடி வானில் நின்றார். இச்சாதனை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு, வெர்சாய் உடன்படிக்கை எஞ்சின் வானூர்திகள் மீது கடும் தடைகளை விதித்தது. அந்நாட்டு இளைஞர்கள் எஞ்சினில்லா ஊர்திகளின் பக்கம் திரும்பினர். 1920-இல் வாசர்குப்பே மலையில் தொடங்கிய ஆண்டுப் போட்டிகள் இக்கலையை வளர்த்தன. உயர்கிறோமா இறங்குகிறோமா என்பதைக் காட்டும் வேரியோமீட்டர் என்னும் கருவி 1920-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஏற்றங்களைத் தேடிப் பிடித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வது இயலக்கூடியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் இவ்வூர்திகள் படைவீரரைச் சுமந்தன. 1944 மார்ச் 5 இரவில், அசாமில் சில்சாருக்கு அருகிலுள்ள லாலாகாட் களத்திலிருந்து கிளம்பிய கிளைடர்கள், சிண்டிட் படையினரை ஜப்பானியர் வசமிருந்த பர்மாவின் காடுகளுக்குள் இறக்கின.

இந்தியாவில் பயிற்சி மையங்கள்

விடுதலை பெற்ற நாட்டுக்கு விமானிகள் தேவைப்பட்டனர். எஞ்சின் வானூர்தியில் பயிற்சி தருவதற்குப் பெட்ரோல் செலவும் பராமரிப்புச் செலவும் அதிகம். கிளைடருக்கோ ஓர் அகன்ற களமும், தரையில் நிற்கும் வின்ச் பொறியும், நீண்ட எஃகுக் கயிறும் போதும். வின்ச் கயிற்றைச் சுருட்டி இழுக்க, ஊர்தி பட்டம்போல எழுந்து, ஒரு நிமிடத்துக்குள் சில நூறு மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கழற்றிவிட்டுத் தனியே பறக்கும். எனவே அரசு மானியத்துடன் பயிற்சி மையங்கள் நடத்தப்பட்டன. புனே நகரின் ஹடப்சர், தில்லியின் சப்தர்ஜங் ஆகிய களங்கள் இவற்றுள் முக்கியமானவை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சொந்த ஓடுதளத்திலும் மாணவர்கள் பறந்தனர். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்கள் பலர் முதன்முதலில் வானத்தைத் தொட்டதும் கிளைடரில்தான்.

நட்சத்திரப் பெயர் கொண்ட ஊர்திகள்

வெளிநாட்டு ஊர்திகளை வாங்குவதற்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. ஆகவே, சப்தர்ஜங்கில் இயங்கிய குடிசார் வானூர்தித் துறையின் தொழில்நுட்ப மையம், உள்நாட்டிலேயே ஊர்திகளை வடிவமைக்க முற்பட்டது. இப்பணியில் எஸ். ராமாமிருதம், கே. பி. கணேசன் ஆகிய இருவரின் பெயர்கள் முதன்மையானவை.

முதலாவதாக, அசுவினி என்னும் இருவர் ஊர்தி 1958-இல் பறந்தது. 1961-இல் ரோகிணி வந்தது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் பயிற்சி ஊர்தி இது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. 1963-இல் ஒருவர் மட்டும் அமரும் கார்த்திக் பறந்தது. அதே பத்தாண்டில் பரணியும், 1970-இல் மிருகசீரிடமும் வந்தன. விமானப்படையின் பயிற்சித் தேவைக்காக ஆர்த்ரா என்னும் இருவர் ஊர்தி 1979-இல் பறந்தது. ஆர்த்ரா என்பது நாம் திருவாதிரை என அழைக்கும் நட்சத்திரமே.

ஆண்டு வரிசையும் நட்சத்திர வரிசையும் ஒன்றல்ல. ஆயினும் சேர்த்துப் பார்த்தால் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என முதல் ஆறு நட்சத்திரங்களும் நிறைந்துவிடுகின்றன. இதே மையம் வடிவமைத்து 1967-இல் பறக்கவிட்ட எஞ்சின் வானூர்திக்கு, 27-ஆம் நட்சத்திரமான ரேவதியின் பெயர் சூட்டப்பட்டது.

இவை மரமும் ஒட்டுப்பலகையும் துணியும் கொண்டு கட்டப்பட்டவை. தச்சு வேலையில் தேர்ந்தவர்கள் இருந்தால் உள்ளூரிலேயே பழுதுபார்க்க முடிந்தது. 1957-இலேயே ஜெர்மனியில் கண்ணாடியிழை ஊர்தி பறந்துவிட்டது. வழவழப்பான அதன் இறக்கைகள் மரத்தைவிட மிகக் கூடுதலான சறுக்கு விகிதத்தைத் தந்தன. இந்திய மர ஊர்திகள் போட்டிக் களத்தில் பின்தங்கியதற்கு இது ஒரு காரணம். பயிற்சிக் களத்தில் அவை தம் வேலையைச் செம்மையாகச் செய்தன.

தகுதிகள்

இந்திய விதிகளின்படி 16 வயது நிறைந்தவர் கிளைடர் உரிமம் பெறலாம். இது தவிர உலக அளவில் திறமைச் சின்னங்கள் உண்டு. வெள்ளிச் சின்னம் பெற 50 கிலோமீட்டர் தொலைவு, 5 மணி நேரப் பறப்பு, 1000 மீட்டர் உயர்வு ஆகிய மூன்றையும் முடிக்க வேண்டும். தங்கச் சின்னத்துக்கு 300 கிலோமீட்டர் தொலைவும் 3000 மீட்டர் உயர்வும் தேவை. இத்துறையின் எல்லை எவ்வளவு விரிந்துள்ளது என்பதற்கு, 2018 செப்டம்பர் 2 அன்று அர்ஜென்டினாவில் பெர்லன் 2 என்னும் ஊர்தி எஞ்சின் இல்லாமல் சுமார் 23 கிலோமீட்டர் உயரம் எட்டியது சான்றாகும். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல் இது இரு மடங்கு.

எஞ்சின் நின்றபோது

மிதவை வானூர்தியில் பழகுவது பொழுதுபோக்கு மட்டுமன்று. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் 69 பேருடன் பறந்த போயிங் 767 விமானத்தில் நடுவானில் எரிபொருள் தீர்ந்தது. பவுண்டு, கிலோகிராம் அளவுகளை மாற்றிக் கணக்கிட்டதால் நேர்ந்த பிழை அது. விமானத்தின் தலைவர் பாப் பியர்சன் அனுபவமுள்ள கிளைடர் விமானி. உயரம் மிகுந்துவிட்டதைக் கண்ட அவர், கிளைடரில் செய்வதைப்போல் விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து, கிம்லி என்னும் கைவிடப்பட்ட படைத்தளத்தில் இறக்கினார். ஓர் உயிரும் போகவில்லை. 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் செயலிழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்த சல்லன்பெர்கரும் கிளைடர் பழகியவரே. ஒரே முறைதான் இறங்க முடியும் என்னும் நிலை, கிளைடர் விமானிக்கு ஒவ்வொரு நாளும் வாய்க்கும் நிலை.

குமரி மாவட்டமும் காற்றும்

திருவிதாங்கூரின் பகுதியாகக் குழித்துறை இருந்த காலத்திலேயே வானூர்தி ஆர்வம் இப்பகுதியை எட்டிவிட்டது. விமானியான கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1930-களில் திருவனந்தபுரத்தில் விமானத்தளம் அமைந்தது. 1935-இல் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் அங்கு வந்தது. குழித்துறையிலிருந்து அத்தளம் நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. எனினும் கிளைடர் மையங்கள் வேரூன்றியது தக்காண, கங்கைச் சமவெளிப் பகுதிகளில்தான்.

இதற்கு நிலமே காரணம். ஏற்றம் கிடைக்காவிட்டால் கண்ணில் படும் வயலில் இறங்க வேண்டியவர் கிளைடர் விமானி. விளவங்கோடு வட்டாரத்திலோ தென்னை, ரப்பர், வாழை, வீடு என நெருக்கம் மிகுதி. இறங்க வெட்டவெளி இல்லை. தாமிரபரணி ஆற்றின் ஈரமும், முற்பகலிலேயே வீசத் தொடங்கும் கடற்காற்றும் வெப்ப ஏற்றத்தைத் தணித்துவிடுகின்றன. காற்றுக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் புகும் காற்றுதான் முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனால் மலையில் மோதும் பக்கத்தில் தூக்கிவிடும் அதே காற்று, மறுபக்கத்தில் சுழன்று கீழே அழுத்தும். மலையோரம் பறப்பவர் முதலில் கற்க வேண்டியது இந்த வேறுபாட்டையே.

இன்றைய நிலை

ஹடப்சர் களத்தைச் சுற்றிப் புனே நகரம் வளர்ந்துவிட்டது. தலைநகரின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளால் சப்தர்ஜங்கில் பயிற்சிப் பறப்புகள் நின்றன. தேசிய மாணவர் படையில் கிளைடர்களின் இடத்தை எஞ்சின் பொருத்திய மைக்ரோலைட் வானூர்திகள் எடுத்துக்கொண்டன. எஞ்சினில்லாப் பறப்பின் ஆர்வம் இப்போது பெரிதும் பாராகிளைடிங் பக்கம் சென்றுள்ளது. இமாச்சலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங் உலகக்கோப்பைப் போட்டி நடந்த இடம். தமிழ்நாட்டில் ஏலகிரி மலையிலும் இவ்விளையாட்டு அறிமுகமாயிற்று.

மிதவை வானூர்திக் கலையைப் புத்தகத்தால் மட்டும் கடத்திவிட முடியாது. கயிற்றை இழுக்க ஒருவர், இறக்கை நுனியைத் தாங்கிப் பிடித்து ஓட ஒருவர், அருகில் அமர்ந்து காற்றைக் காட்டிக்கொடுக்க ஆசிரியர் ஒருவர் என்று ஒரு குழுவே சேர்ந்தால்தான் ஒருவர் பறக்க முடியும். களம் போனால் குழு கலையும். குழு கலைந்தால் ஒரு தலைமுறை சேர்த்த காற்றறிவும் அதனோடு போய்விடும். ரோகிணியைக் கட்டிய தச்சர்களும் அதில் கற்பித்த ஆசிரியர்களும் இன்று முதியவர்கள். அவர்களுடைய பறப்புக் குறிப்பேடுகளும் நினைவுகளும், எஞ்சியுள்ள மர ஊர்திகளும் பாதுகாக்கப்பட வேண்டியவை.