லிம் சோங் இயூ (1919–2010)

மலேசியாவின் பினாங்கு மாநிலச் சட்டமன்றத்தில் 1964 முதல் 1990 வரை அங்கத்தினராக இருந்து, அக்காலத்தில் 21 ஆண்டுகள் முதலமைச்சர் பதவியும் வகித்தவர், தொழிலால் வைத்தியர். பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியிலும் பின்னர் எடின்பரோ சர்வகலாசாலையிலும் பயின்றார். சீனாவிலும் சில காலம் வைத்தியப் பணி புரிந்தார்.

1958-இல் டான் செங் லாக்கைத் தோற்கடித்து மலாயா சீனர் சங்கத்தின் தலைவரானார். தேர்தலில் தம் சங்கத்துக்குக் கூடுதல் ஸ்தானங்கள் வேண்டுமெனக் கேட்டதால் கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானோடு பிணக்கு நேரவே, மறு ஆண்டே அப்பதவியைத் துறந்தார். 1962-இல் ஐக்கிய ஜனநாயகக் கட்சியையும், 1968-இல் சையத் உசேன் அலாத்தாஸ், டான் சீ கூன் முதலியோருடன் கெராக்கான் கட்சியையும் தோற்றுவித்தார்.

1969 மே மாதத் தேர்தலில் மாநிலத்தின் 24 ஸ்தானங்களுள் 16-ஐக் கெராக்கான் கைப்பற்ற, லிம் முதலமைச்சரானார். அடுத்த நாளே கோலாலம்பூரில் கலவரம் மூண்டது. நெடுங்காலம் தீவைப் போஷித்து வந்த சுங்கமற்ற துறைமுக உரிமை பறிபோய், வேலையில்லாத் திண்டாட்டம் வீடுதோறும் புகுந்திருந்த அவ்வேளையில், அவர் பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, வயலும் கிராமமுமாகக் கிடந்த பாயான் லெப்பாஸில் 1972-இல் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்து வைத்தார். இன்டெல், ஹியூலெட் பாக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் உள்ளிட்ட முதல் எட்டு நிறுவனங்களைப் பினாங்கு மக்கள் இன்றும் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்றே அழைக்கின்றனர். தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பியை நுண்நோக்காடியின் கீழ்ச் சிலிக்கன் சில்லில் இணைக்கும் வேலைக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் வீட்டுக்குக் கொணர்ந்த மாதச் சம்பளம், தீவின் குடும்ப வாழ்வில் நிகழ்ந்த பெரிய மாறுதல்களுள் ஒன்றாகும்.

அதே 1972-இல் அவர் ஆளும் கூட்டணியோடு கைகோத்தது குறித்து அபிப்பிராய பேதம் உண்டு. வாக்களித்தோரின் நம்பிக்கைக்குச் செய்த துரோகம் என்பர் சிலர். மத்திய அரசின் ஆதரவின்றித் தொழில் வளர்ச்சி கைகூடியிராது என்பர் வேறு சிலர். அலாத்தாஸும் டான் சீ கூனும் அதற்கு முன்னரே பிரிந்து சென்றிருந்தனர். பழைய கடைவீடுகளை இடித்து எழுப்பப்பட்ட 65 மாடிக் கொம்தார் கட்டடம் பற்றியும் இத்தகைய கருத்து வேற்றுமை நிலவுகிறது. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது.

1990-இல் பாடாங் கோத்தா தொகுதியில் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங்கிடம் 706 வாக்கு வித்தியாசத்தில் தோற்று, அரசியலிலிருந்து விலகினார். 2010 நவம்பர் 24-இல் காலமானார். ஜெலுத்தோங் விரைவுச்சாலை இப்போது அவர் பெயரால் வழங்குகிறது.