கோத்லாண்ட் ரயில் நிலையம்

இங்கிலாந்தின் வட யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் உள்ள சிற்றூர் கோத்லாண்ட். குரோஸ்மான்ட்டிலிருந்து பிக்கரிங் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளும் பாரம்பரிய ரயில் பாதையில் இதன் நிலையம் இருக்கிறது. 2001இல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்தில் ஹாக்ஸ்மீட் நிலையமாக நடித்தது இதுதான். அதனால் இந்த நிலையத்தை வாழவைத்தது சினிமா என்று சொல்வோர் உண்டு. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிலைக்காது. நிலையம் பிறக்கக் காரணம் ஒரு செங்குத்தான சரிவு. பிழைக்கக் காரணம் தன்னார்வலர்கள்.

விட்பியிலிருந்து பிக்கரிங்குக்கு ஜார்ஜ் ஸ்டீபன்சன் அமைத்த பாதை 1836இல் திறக்கப்பட்டபோது பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். கோத்லாண்டுக்குக் கீழே பெக் ஹோலில் தொடங்கிய ஏற்றமோ குதிரைக்கு அடங்காதது. ஏறத்தாழ 15 அடி தூரத்துக்கு ஓரடி உயரம். நீர் நிரப்பிய தொட்டிவண்டி மேலிருந்து இறங்க, அதன் எடையில் கயிறு பெட்டிகளை மேலே இழுத்தது. பிறகு அந்த வேலையை நிலையாக நிறுவிய நீராவி எந்திரம் ஏற்றுக்கொண்டது. 1864இல் கயிறு அறுந்து இருவர் இறந்தனர். அந்த விபத்தால்தான் புதிய பாதை வந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் சரிவைச் சுற்றிச் செல்லும் மாற்றுப்பாதைக்கு அதற்கு முன்பே அனுமதி கிடைத்திருந்தது. 1865 ஜூலையில் அது திறக்கப்பட்டது. 49 அடிக்கு ஓரடி ஏற்றம் என்பதால் கயிற்றின் துணையின்றி எஞ்சினே ஏறியது. இன்றைய நிலையம் அப்போது கட்டப்பட்டது. பழைய நிலையம் ஊருக்குள் சரிவின் உச்சியில் இருந்தது. புதியதோ ஊருக்குக் கீழே, பள்ளத்தாக்கில், ஓர் ஆலைக்குப் பக்கத்தில். இடத்தை முடிவு செய்தது ஊராரின் வசதியல்ல, எஞ்சினின் இழுதிறன்.

1965 மார்ச்சில் பாதை மூடப்பட்டது. 1967இல் அதைக் காக்கத் தன்னார்வலர் சங்கம் உருவாகி, 1973 மே மாதம் ரயில் மீண்டும் ஓடியது. இந்த நிலையத்தைத் தொலைக்காட்சியில் பிரபலமாக்கிய 'ஹார்ட்பீட்' தொடர் தொடங்கியது 1992இல்தான். படப்பிடிப்பால் வந்த கூட்டமும் வருமானமும் பாதைக்குக் கைகொடுத்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கேமரா தேடி வந்தது ஏற்கெனவே பேணப்பட்டிருந்த ஒரு நிலையத்தை. 'பாரம்பரியம்' என்று இங்கே காட்டப்படுவது இரண்டாவது பாதைதானே என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது, நியாயமானதும்கூட. ஸ்டீபன்சன் காலத்துச் சரிவு இப்போது நடைபாதை. அவர் போட்ட பாதையிலேயே ரயிலில் ஏறி வந்ததாக நினைத்துக் கோத்லாண்டில் இறங்குபவர், அந்தச் சரிவைப் பார்க்க வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும்.